காலாண்டு லீவு: சென்னையில் பிள்ளைகளோடு எங்கே போகலாம்? எந்தக் கிழமை எது மூடியிருக்கும்? முழு விவரம்

காலாண்டுத் தேர்வு முடிஞ்சாச்சு. புத்தகப் பை மூலைக்குப் போயாச்சு. "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க" என்ற நச்சரிப்பும் பல வீடுகளில் ஆரம்பிச்சிருக்கும்.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. லீவு பிள்ளைகளுக்குத்தான், அப்பா அம்மாவுக்கு இல்லை. வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் அரசு விடுமுறை, முடிந்தால் ஆபீஸில் கேட்டு வாங்கும் ஒரு நாள். அந்த ஒரு நாளில் இரண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து போய் நின்றால், "இன்று விடுமுறை" என்று கேட்டில் போர்டு தொங்கும். பிள்ளை முகம் வாடிப்போகும்.

சென்னையில் குடும்பத்தோடு போக நல்ல இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலானவை செலவும் குறைவு. எங்கே போறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி என்னைக்குப் போறோம்னு பார்க்கணும், அவ்வளவுதான். கிழமை, வானிலை, போக்குவரத்து, பாதுகாப்பு என எல்லாவற்றையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

காலாண்டு விடுமுறை எப்போது?

தமிழ்நாட்டில் காலாண்டு விடுமுறை வழக்கமாக செப்டம்பர் கடைசி வாரத்தில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடியும். சனி, ஞாயிறு, அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி எல்லாம் சேர்ந்து ஒரு வாரத்தைத் தாண்டும். சில ஆண்டுகளில் நவராத்திரியும் இதே நாட்களில் வந்துவிடும். 2025-ல் ஆயுத பூஜை அக்டோபர் 1, விஜயதசமி அக்டோபர் 2 என காந்தி ஜெயந்தியோடு ஒட்டியே வந்தன.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் தேதிகள் மாறலாம். வீட்டில் ரெண்டு பிள்ளைகள் ரெண்டு வேற பள்ளியில் படிச்சா, ரெண்டு பேருக்கும் பொதுவான லீவு நாள் எதுன்னு முதலில் பார்த்து வைங்க.

எந்தக் கிழமை எது மூடியிருக்கும்?

இந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைச்சுக்கலாம்.

திங்கள்: மெரினா கலங்கரை விளக்கம், வடநெம்மேலி முதலைப் பண்ணை, ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம்.

செவ்வாய்: வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, கிண்டி பாம்புப் பண்ணை, முட்டுக்காடு தட்சிணசித்ரா.

வெள்ளி: எழும்பூர் அரசு அருங்காட்சியகம், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம்.

அக்டோபர் 2 (எந்தக் கிழமையாக இருந்தாலும்): எழும்பூர் அரசு அருங்காட்சியகம், பிர்லா கோளரங்கம்.

பட்டியலைப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். புதன், வியாழன் இரண்டு நாளும் மேலே சொன்ன எல்லா இடங்களும் வழக்கமாகத் திறந்திருக்கும். ஒரு நாள்தான் லீவு போட முடியும் என்றால் அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்க. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் இருக்காது. அந்த நாள் காந்தி ஜெயந்தியாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

பொங்கல் போன்ற விடுமுறைக் காலங்களில் வார விடுமுறை நாளிலும் பூங்கா திறந்திருக்கும் என்று வண்டலூர் நிர்வாகம் அறிவிப்பதுண்டு. அதனால் கிளம்பும் முதல் நாள் இரவு அந்தந்த இடத்தின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. டிக்கெட் விலையையும் அங்கேயே தெரிஞ்சுக்கலாம்.

வண்டலூர்: முழு நாள் வேணும்

அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் கதை 1855-ல் தொடங்குகிறது. அப்போது அது நகரத்துக்குள் இருந்த மெட்ராஸ் மிருகக்காட்சி சாலை. இடம் போதாமல் வண்டலூருக்கு மாற்றப்பட்டு, 1985-ல் இப்போதைய பூங்கா திறக்கப்பட்டது. பரப்பளவு சுமார் 602 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 1,490 ஏக்கர்.

இந்தக் கணக்கைச் சொல்லக் காரணம் உண்டு. "ரெண்டு மணி நேரத்துல பார்த்துட்டு வந்துடலாம்" என்று போனால் பாதி கூட முடியாது. நடந்தே சுற்றினால் சின்னப் பிள்ளைகள் பாதி வழியில் தூக்கச் சொல்லி அழும். அஞ்சு வயசுக்குக் கீழ் பிள்ளை இருந்தாலோ, தாத்தா பாட்டி கூட வந்தாலோ பேட்டரி வாகனத்துக்கு உள்ளே போனதுமே டிக்கெட் எடுத்துடுங்க. மதியத்துக்கு மேல் அந்த வரிசை நீண்டுவிடும்.

காலை 9 மணிக்குத் திறந்ததும் உள்ளே போவதில் இன்னொரு லாபமும் உண்டு. விலங்குகள் வெயில் ஏறும் முன்தான் நடமாடும். பதினோரு மணிக்கு மேல் புலியும் சிங்கமும் நிழல் தேடிப் படுத்துவிடும். அப்புறம் பிள்ளைகள் பார்ப்பது தூங்கும் புலியின் முதுகைத்தான். பிளாஸ்டிக் பைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை என்பதால் துணிப்பையும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலும் கொண்டு போங்க.

எப்படிப் போவது? கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு புறநகர் ரயிலில் வண்டலூர் நிலையத்தில் இறங்கினால் பூங்கா பக்கம்தான். தொடர் விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை மட்டும் இந்தப் பக்கம் காரில் போவதைத் தவிர்ப்பது நல்லது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வண்டலூரைத் தாண்டியதும் வந்துவிடுகிறது. தென் மாவட்டங்களுக்குப் போகும் வண்டிகள் எல்லாம் ஜி.எஸ்.டி. சாலையில்தான் வரிசை கட்டி நிற்கும். காலையில் ரயிலில் போய், ரயிலிலேயே திரும்புவதுதான் நிம்மதி.

கிண்டி: அரை நாள் போதும்

வண்டலூர் தூரம் என்று நினைப்பவர்களுக்குக் கிண்டி இருக்கிறது. நகரத்தின் நடுவே சுமார் 2.7 சதுர கிலோமீட்டரில் ஒரு தேசியப் பூங்கா உள்ள ஊர் நம்முடையது. புள்ளிமானும் வெளிமானும் இங்கே இயல்பாக வாழ்கின்றன. அதன் ஓரத்தில்தான் சிறுவர் பூங்கா. புதுப்பிக்கப்பட்டு 2024-ல் மறுபடியும் திறக்கப்பட்டது.

பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர் 1972-ல் தொடங்கியது. நல்ல பாம்பு எது, கண்ணாடி விரியன் எது, சாரை எது என்று கண்ணாடிக்குப் பின்னால் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். புறநகரில் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு மழைக்காலத்துக்கு முன் இது ரொம்பவே பயனுள்ள பாடம்.

அதே சர்தார் படேல் சாலையில் காந்தி மண்டபமும் காமராஜர் நினைவகமும் இருக்கின்றன. அக்டோபர் 2 அன்று வெளியே போவதாக இருந்தால் இந்த இடத்தை யோசிக்கலாம். காந்தி பிறந்த அதே அக்டோபர் 2-ல்தான், 1975-ஆம் ஆண்டு, காமராஜர் மறைந்தார். பள்ளியில் மதிய உணவு சாப்பிடும் பிள்ளைக்கு அந்தத் திட்டத்தை ஊரெங்கும் கொண்டுபோனவர் யார் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது.

எழும்பூர்: வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க

1851-ல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இந்தியாவின் மிகப் பழைய அருங்காட்சியகங்களில் ஒன்று. "அங்கே என்ன இருக்கு, பழைய சிலைதானே" என்று பசங்க முகம் சுளிப்பாங்க. நேராக விலங்கியல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு வராது.

அடுத்து வெண்கலச் சிலைகள் கூடம். திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரி உட்பட சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இங்கே இருக்கின்றன. அமராவதி பளிங்குச் சிற்பங்கள், ஆதிச்சநல்லூர் அகழாய்வுப் பொருட்கள் ஆகியவையும் இந்த வளாகத்தில்தான்.

தாம்பரம், பல்லாவரம் பக்கம் இருந்து வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கு. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடாரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது. அவர் சேகரித்த பொருட்கள் பிற்பாடு இந்த அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தன. தினமும் பஸ் ஏறும் ஊருக்குள் லட்சக்கணக்கான ஆண்டுக் கதை இருக்குன்னா எந்தப் பிள்ளையும் காது கொடுத்துக் கேட்கும்.

ஒரே நாளில் எல்லாக் கட்டடத்தையும் முடிக்கணும்னு நினைக்காதீங்க. மூணு கூடம் போதும். எழும்பூரில் புறநகர் ரயில், மெட்ரோ ரெண்டும் நிற்கும் என்பதால் மறுபடி வருவது கஷ்டம் இல்லை.

கோட்டூர்புரம்: செலவே இல்லாத நாள்

அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் திறக்கப்பட்டது. இங்கே குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நடுவில் ஒரு செயற்கை மரம், சுற்றி உட்கார்ந்து படிக்க இடம், தமிழிலும் ஆங்கிலத்திலும் படக்கதைப் புத்தகங்கள். உள்ளே உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. குளிர்சாதன வசதியும் உண்டு. வீட்டில் மின்விசிறிக்குக் கீழே புழுங்கும் மதிய நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் நகரத்தில் கிடைப்பது கஷ்டம்.

பிர்லா கோளரங்கமும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் அதே காந்தி மண்டபம் சாலையில்தான். கோளரங்கத்தில் தமிழ்க் காட்சிக்கும் ஆங்கிலக் காட்சிக்கும் தனித்தனி நேரம். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் தமிழ்க் காட்சி நேரத்தைக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்க. காலையில் கோளரங்கம், மதியம் நூலகம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் நிறைவாகப் போகும்.

ரயில் பைத்தியமா உங்க பிள்ளை?

அப்போ ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம்தான். 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையின் வளாகத்தை ஒட்டி இருக்கிறது. பழைய நீராவி இன்ஜின்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், பொம்மை ரயிலும் உண்டு. திறந்தவெளி அதிகம் என்பதால் உச்சி வெயில் நேரம் வேண்டாம்.

இ.சி.ஆர். பக்கம் ஒரு ரவுண்டு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கத் திட்டம் போடுவதுதான் பலர் செய்யும் காரியம். பிள்ளைகளோடு போகும்போது ரெண்டு இடம்தான் சரிப்படும்.

தட்சிணசித்ரா, முட்டுக்காடு: தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என நான்கு மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். 1996-ல் திறந்த இடம். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். பாட்டி சொன்ன திண்ணையும் முற்றமும் எப்படி இருக்கும் என்பது அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு அங்கேதான் புரியும்.

முதலைப் பண்ணை, வடநெம்மேலி: அழிவின் விளிம்பில் இருந்த முதலைகளைக் காக்க 1976-ல் தொடங்கப்பட்டது. சதுப்பு நில முதலை, நீண்ட மூக்கு கரியால், உப்புநீர் முதலை என்று வகை வகையாகப் பார்க்கலாம். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இந்த வளாகத்தில்தான் இயங்குகிறது. பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் மருந்துக்குத் தேவையான நஞ்சை எடுத்துத் தருபவர்கள் இவர்கள். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மாமல்லபுரம்: தொல்லியல் துறையின் சின்னங்களுக்கு 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் வார விடுமுறை இல்லாமல் திறந்திருக்கும். வெறும் பாறை வெயிலில் சுடும் என்பதால் காலை ஏழு, எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்தால்தான் சுகம்.

தனியார் தீம் பார்க் போவதாக இருந்தால் ஒரு விஷயத்தை மட்டும் முன்னாடியே கேளுங்க. எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் வேணும்? உயரம் போதாத பிள்ளைக்கும் டிக்கெட் வாங்கிவிட்டு, உள்ளே எதிலும் ஏற்றாமல் வேடிக்கை மட்டும் பார்க்க வைப்பது காசுக்கும் கேடு, மனசுக்கும் கேடு.

மெரினா: கடலைப் பார்க்கலாம், இறங்க வேண்டாம்

எங்கே போனாலும் சாயங்காலம் பீச்சில் முடிவதுதான் சென்னைக் குடும்பங்களின் வழக்கம். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க.

மெரினாவில் குளிக்கத் தடை இருக்கிறது. சும்மா போட்ட தடை இல்லை. இங்கே கடலுக்குள் சில அடி போனதுமே தரை சரேலென்று இறங்கும். கரைக்கு வரும் அலைத் தண்ணீர் திரும்பிப் போகும்போது ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து வாய்க்கால் போலக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். அந்த இடத்தில் அலை உடைவது குறைவாக இருக்கும். பார்வைக்கு அமைதியாகத் தெரியும். "இங்கே அலை இல்லை, பசங்க விளையாடட்டும்" என்று பெற்றோர் நினைக்கும் இடமே ஆபத்தான இடமாக இருக்கலாம்.

பெரியவருக்கு முட்டளவுத் தண்ணீர் என்றால் சின்னப் பிள்ளைக்கு அது இடுப்பளவு. அலை பின்வாங்கும்போது காலுக்குக் கீழே மணலும் சேர்ந்து நகரும். நிலை தடுமாற ஒரு நொடி போதும். கால் நனைக்கத்தான் வேணும்னா அலை வந்து தொட்டுப் போகும் ஈர மணலில், பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நில்லுங்க. விரலை மட்டும் பிடித்தால் வழுக்கிவிடும். செல்ஃபி எடுப்பவர் ஒருவர், பிள்ளையைப் பிடிப்பவர் இன்னொருவர். ரெண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது.

யாராவது இழுபட்டால் என்ன செய்யணும்? நீச்சல் தெரியும் என்று பின்னால் குதிக்காதீங்க. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் நிலை இங்கேதான் வருகிறது. கயிறு, மூடிய காலிக் கேன், பந்து என மிதக்கும் எதையாவது வீசுங்க. அருகில் உள்ள மீனவர்களையும் உயிர்காக்கும் வீரர்களையும் சத்தம் போட்டுக் கூப்பிடுங்க. கடலோரப் பாதுகாப்புக்கான இலவச எண் 1093, ஆம்புலன்ஸ் 108. இழுபட்டவர் கரையை நோக்கி நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். மிதந்தபடி கையை உயர்த்தணும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகரணும். இழுப்பு குறுகலான ஓடைதான் என்பதால் அதைவிட்டு விலகிவிட முடியும்.

மெரினாவில் தண்ணீரில் இறங்காமலேயே செய்ய நிறைய இருக்கு.

கலங்கரை விளக்கம்: 1977-ல் பயன்பாட்டுக்கு வந்தது. லிஃப்ட் வசதி உள்ளதால் தாத்தா பாட்டியும் மேலே போகலாம். மேலிருந்து மொத்தக் கடற்கரையும் தெரியும். மதியம் இடைவேளை உண்டு என்பதால் நேரம் பார்த்துப் போங்க.

சிலை நடை: 1968-ல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது காமராஜர் சாலையில் வைக்கப்பட்ட சிலைகள் வரிசையாக நிற்கின்றன. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன் எல்லோரும் உண்டு. கூடவே ஜி.யு.போப், கால்டுவெல், வீரமாமுனிவர் என்று கடல் கடந்து வந்து தமிழுக்கு உழைத்தவர்களும் நிற்கிறார்கள். "யார் பெயரை முதல்ல கண்டுபிடிக்கிறது?" என்று ரெண்டு பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தால் நடக்கிற களைப்பே தெரியாது. கண்ணகி சிலை 2001-ல் அகற்றப்பட்டு 2006-ல் மறுபடி நிறுவப்பட்ட கதையையும் சொல்லலாம். தமிழ்ப் பாட நூலில் படிக்கும் பெயர்களை ரோட்டில் சந்திக்கும் சந்தோஷம் தனி.

சக்கர நாற்காலிப் பாதை: மாற்றுத்திறனாளிகள் கடலுக்கு அருகில் போக மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை திறக்கப்பட்டது. நடக்க முடியாத பெரியவர்களுக்கும் இது உதவும்.

சாயங்காலத்துக்கு இன்னும் சில இடங்கள்

கதீட்ரல் சாலையில் 2010-ல் திறந்த செம்மொழிப் பூங்காவும், எதிரே 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டு பூங்காவும் இருக்கின்றன. முன்னது நிழலில் நடக்க, பின்னது பிள்ளைகள் விளையாட.

நவராத்திரி லீவுக்குள் வரும் ஆண்டாக இருந்தால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க. கொலு பொம்மைக் கடைகள் வீதியை நிறைத்திருக்கும். அண்ணா சாலை பூம்புகாரிலும் கொலு பொம்மைக் கண்காட்சி நடக்கும். வாங்கித்தான் ஆகணும்னு இல்லை, பார்த்தாலே ஒரு மணி நேரம் ஓடிடும். ரேட் மட்டும் கேட்காம வந்தா பொம்மை வீட்டுக்கு வராது, பர்ஸும் காலியாகாது.

செலவைக் குறைப்பது எப்படி?

குடும்பச் சுற்றுலாவில் டிக்கெட்டை விட ஆட்டோவும் சாப்பாடும்தான் அதிகம் இழுக்கும்.

பஸ்: சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மா, பாட்டி, மகள் மூவரும் இலவசமாகப் போகலாம். அரசுப் பேருந்தில் அஞ்சு வயசு வரை உள்ள பிள்ளைகளுக்கும் டிக்கெட் கிடையாது.

புறநகர் ரயில்: அஞ்சு வயசுக்குக் கீழ் இலவசம், 5 முதல் 12 வயது வரை பாதிக் கட்டணம். அரசு விடுமுறை நாட்களில் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ரயில்கள் இயக்கப்படுவதுண்டு. ரயில்களுக்கு இடையே நேரம் கூடும் என்பதை நினைவில் வைங்க.

மெட்ரோ: பெரியவரோடு வரும் 90 செ.மீ.க்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம்.

பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் டிக்கெட்டை ஒரே செல்போன் செயலியில் எடுக்க 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' அறிமுகமானது. கவுன்ட்டர் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.

சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம், புளிசாதம், இட்லிக்குப் பொடி தடவி எடுத்துப் போவதுதான் நம்ம ஊர் வழக்கம். வெயிலில் தயிர் சாதம் சீக்கிரம் புளிச்சுடும், தேங்காய்ச் சட்னி கெட்டுப்போகும். அது ரெண்டும் வேண்டாம்.

மழை வருமா?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் தொடங்கும். ஆனால் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பகலில் வெயில் கொளுத்தி, சாயங்காலம் இடியோடு மழை கொட்டுவது சென்னைக்குப் புதுசில்லை.

அதனால் காலையில் திறந்தவெளி, மதியம் கட்டடத்துக்குள், சாயங்காலம் வீட்டுக்குப் பக்கத்தில் என்று நாளைப் பிரிச்சுக்கோங்க. இடி இடிக்க ஆரம்பித்தால் கடற்கரை மணலிலும் தனி மரத்தடியிலும் நிற்கக் கூடாது. கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடணும்.

கூட்டத்தில் பிள்ளை தவறினால்?

கிளம்பும் முன் பிள்ளையை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுங்க. தேட வேண்டி வந்தால் என்ன நிறச் சட்டை என்பதை அந்தப் படமே சொல்லிவிடும்.

பெற்றோர் செல்போன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி பிள்ளையின் பாக்கெட்டில் வைங்க. பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடும் யாரையும் பிள்ளை தெரிஞ்சவர் என்று நம்பிவிடும்.

"காணாமப் போனா அங்கேயே நில்லு, போலீஸ் மாமாகிட்டயோ, பிள்ளையோட வந்திருக்கிற ஒரு அக்காகிட்டயோ சொல்லு" என்று சொல்லிக் கொடுங்க. தவறிவிட்டால் தேடிக்கொண்டே நேரத்தைக் கடத்தாமல் உடனே 112 அல்லது 100-க்கு அழைக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

இந்த லீவுக்கு எது வேண்டாம்?

வேடந்தாங்கல்: பறவைகள் வரும் காலம் பொதுவாக நவம்பரில்தான் தொடங்கும். இப்போ போனால் மரம்தான் பார்க்கலாம். அரையாண்டு லீவுக்கு வைச்சுக்கோங்க.

கடல் ஆமை நடை: ஆமைகள் முட்டையிடக் கரையேறுவது ஜனவரியில் இருந்துதான். அதுவரை காத்திருக்கணும்.

ஒரே ஒரு நாள்தான் லீவு என்றால்?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைத்தால்: காலை எழும்பூர் அருங்காட்சியகம், மதியம் வீடு, சாயங்காலம் மெரினா சிலை நடை.

அக்டோபர் 2 மட்டும் கிடைத்தால்: காலை காந்தி மண்டபம், காமராஜர் நினைவகம். அது செவ்வாய்க்கிழமையாக இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள கிண்டி சிறுவர் பூங்கா.

புதன் அல்லது வியாழன் லீவு போட முடிந்தால்: கூட்டம் இல்லாத வண்டலூர்.

லீவே கிடைக்காது என்றால்: வேலை முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மாநகராட்சிப் பூங்கா, ஒரு சோளக்கருது, ஊஞ்சலில் பத்து ஆட்டம். லீவு முடிந்து வகுப்பில் "எங்கே போன?" என்று கேட்கும்போது பிள்ளைக்குச் சொல்ல ஒரு ஊர்ப் பெயர் இல்லாவிட்டாலும், அப்பா அம்மாவோடு போன ஒரு சாயங்காலம் இருக்கும்.